ஜெஞ்சாரோமில் எடுத்த ரம்புத்தான் படம்

பேய் பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வருகிற ஆள் நான். பயத்தில் இல்லை, எரிச்சலில். கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இத்தனை வருடமாக வேலை. கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டுப் பார்ப்போம், சொட்டினால் ஓட்டை, சொட்டாவிட்டால் இல்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம். எங்கள் மெதடிஸ்ட் சபையில் ஒரு ஆன்டி தன் வீட்டுக் கூரையில் யாரோ நடக்கிறார்கள் என்று அழுதபோது, எலியாக இருக்கும் ஆன்டி, மருந்து வையுங்கள் என்று சொல்லி, வீட்டுக்கு வந்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன். ஆனால் குறுக்கே பேசாமல் முழுசாகக் கேளுங்கள், அது போதும்.

முதலில் ரம்புத்தான் படம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. ஓர் இடத்தின் நடுவில் டிரைபாடை நிறுத்தி, கேமராவைக் கொஞ்சம் திருப்பி ஒரு படம், இன்னும் கொஞ்சம் திருப்பி ஒரு படம் என்று சுற்றி வந்து, தொடங்கிய இடத்திலேயே முடிக்க வேண்டும். அதையெல்லாம் கணினியில் ஒட்டினால் நீளமாக ஒரு பட்டை வரும். பட்டையைச் சுருட்டி இரண்டு முனையையும் சேர்த்தால் வட்டம். தரை நடுவில் உருண்டையாகிவிடும், மரமும் வீடும் விளக்குக் கம்பமும் அதைச் சுற்றி வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கும், முடியோடு இருக்கிற ரம்புத்தான் பழம் மாதிரி. ஆங்கிலத்தில் இதற்கு ஏதோ அழகான பெயர் இருக்கிறது. எங்கள் வாட்சப் குழுவில் முதல் நாளே பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை அக்கா ஒருவர் என்னங்க இது ரம்புத்தான் மாதிரி என்று கேட்டுவிட்டார், அதுவே நிலைத்துவிட்டது. குழுவின் பெயரும் ரம்புத்தான் குழுதான். வாரம் ஒரு படமாவது போட வேண்டும், போட்டால் மற்றவர்கள் குறை கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் சட்டம்.

குறை என்றால் என்ன குறை? சுற்றி எடுக்கிற நேரத்தில் எது நகர்ந்தாலும் படத்தில் இரண்டு தடவை விழும், இல்லாவிட்டால் பாதியாக விழும். பத்துமலையில் நான் எடுத்த ஒரு நல்ல படத்தில் படிக்கட்டுப் பக்கம் தலையில்லாத குரங்கு ஒன்று உட்கார்ந்திருந்தது. ரவாங்கில் பல் மருத்துவராக இருக்கும் லிங்கம் அதைக் கண்டுபிடித்துக் குழுவில் போட, ஒரு மாதம் எல்லாரும் என்னைக் குரங்கு சாம் என்று கூப்பிட்டார்கள். சாமுவேல் என்ற நல்ல பெயருக்கு வந்த கதியைப் பாருங்கள். இதே மாதிரி எடுக்கிறவனின் செருப்பு விழக்கூடாது, நிழல் விழக்கூடாது, முக்கியமாகப் பை விழக்கூடாது. பையைத் தரையில் வைத்துவிட்டுச் சுற்ற ஆரம்பித்தால், பாதி சுற்று முடிகிறபோது கேமரா பையை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தவறு இது. அதனால் நாங்கள் இரண்டு இரண்டு பேராகத்தான் போவோம். ஒருவர் எடுப்பார், இன்னொருவர் பையைத் தூக்கிக்கொண்டு எடுக்கிறவரின் முதுகுக்குப் பின்னாலேயே நிழல் மாதிரி சுற்றி வருவார்.

என் முதுகுக்குப் பின்னால் சுற்றி வந்தவன் பரமசிவம். பரமு. பள்ளி வேன் ஓட்டுகிறவன், குள்ளம், தொப்பை, வாய் ஓயாது. ஆனால் நான் கேமராவைத் தொட்டுவிட்டால் அந்த வாய் மூடிக்கொள்ளும். பெரிய பாசார் பை ஒன்று வைத்திருந்தோம், கீரையும் மீனும் வாங்கப் போகிற துணிப் பை. கேமரா பை கொண்டுபோனால் மோட்டாரில் வந்து பறித்துக்கொண்டு போவான், இதில் லென்ஸை வைத்து மேலே துண்டைப் போட்டால் கறிவேப்பிலை என்று நினைத்துப் போய்விடுவான் என்பது பரமுவின் யோசனை. அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு, நான் ஓர் அடி நகர்ந்தால் அவனும் ஓர் அடி, நான் நின்றால் அவனும் நிற்பான். சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துத் தன் நிழல் என் நிழலுக்குள்ளேயே விழுகிற மாதிரி குனிந்துகொள்வான், நான் சொல்ல வேண்டியதே இல்லை, பிறகு என் நிழல் ஒன்றைக் கணினியில் அழித்தால் போதும். சனிக்கிழமை விடிகிற நேரம் எத்தனை இடம் போயிருப்போம், கிள்ளான் ஆற்றங்கரை, பிரிக்பீல்ட்ஸ் நீரூற்று, கம்பத்துப் பாலம், லோரி நிறுத்துகிற பொட்டல். எந்தப் படத்திலும் அவன் இல்லை. அதில் அவனுக்கு அத்தனை பெருமை. மற்றவர்கள் படத்தில் காலும் கையும் விழும்போதெல்லாம், என்னை மாதிரி ஒருத்தன் கிடைக்க சாம் குடுத்து வச்சிருக்கணும் என்று குழுவில் எழுதுவான்.

போன வருடம் ஒரு காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வேனை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தவன் எழவில்லை. நெஞ்சு வலி. பிள்ளைகள் எல்லாரும் இறங்கியிருந்தார்கள். வலி வந்த நேரத்திலும் வேனை ஒழுங்காக நிறுத்தியிருக்கிறான் என்று எல்லாரும் அதையே சொல்லிச் சொல்லி அழுதோம்.

அவன் மனைவி கலாவதி ஒரு கிளினிக்கில் தாதி. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு பேரும் சண்டை போடுவதைப் பார்த்தால் புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் என்று நினைப்பீர்கள், அப்படி ஓர் ஒட்டுதல். கருமாதி அன்று ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருந்த படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள், அதில் அவன் திருடிப் பிடிபட்டவன் மாதிரி முழித்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டுப் பந்தி முடிந்து நான் கிளம்புகிறபோது கலா வாசல்வரை வந்தது.

“அண்ணே, நாங்க ரெண்டு பேரும் சேந்தாப்ல ஒரு படம் இருந்தா குடுங்கண்ணே. கல்யாண ஆல்பம் வெள்ளத்துல போயிருச்சு. எங்க போனாலும் இவரே படம் எடுத்துட்டு நிப்பாரு, இவரு எதுலயும் இல்ல. நீங்கதான் வாரா வாரம் ஒன்னாப் போவீங்களே.”

அந்தப் பெரிய வெள்ளத்தில் அவர்கள் குடியிருக்கிற தாமான் முழுக்க இடுப்பளவு தண்ணீர் நின்றதும், ஆல்பத்தைக் காயவைத்துப் பிரித்தபோது மாப்பிள்ளையின் முகம் பெண்ணின் முகத்தோடு ஒட்டி உரிந்து வந்ததும் எனக்குத் தெரியும். அதனால் கட்டாயம் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாங்கள் போன பல இடங்களுக்குக் கலாவும் வந்திருக்கிறது, பசியாற நாசி லெமாக் கட்டிக்கொண்டு வந்து காரிலேயே உட்கார்ந்திருக்கும். இருக்காதா ஒன்று என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து என் கணினியில் இருக்கிற எல்லாவற்றையும் தேடினேன். கலா இருக்கிற படம் கிடைத்தது, கார்க் கண்ணாடிக்குள் போனைப் பார்த்துக்கொண்டு. பரமு இல்லை. குழுவிலும் கேட்டேன், ஆளாளுக்குத் தேடினார்கள். கடைசியில் லிங்கம்தான் ஒரு படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கி அனுப்பினார், அதில் ஒரு முழங்கை இருந்தது. பரமுவின் முழங்கையேதான், வேன் ஜன்னலில் வைத்து ஓட்டிக் கறுத்துப்போன முழங்கை. அதைக் கொண்டுபோய்க் கலாவிடம் எப்படிக் கொடுப்பது? அவனைப் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்வதில் நாங்கள் இரண்டு பேரும் இத்தனை வருடம் காட்டிய கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிந்தது. அதற்குப் பிறகு கலா கூப்பிட்டால் போனை எடுக்கவே கூச்சமாகிவிட்டது. சனிக்கிழமை வெளியே போவதையும் விட்டுவிட்டேன்.

மாதங்கள் போயின. ஒரு சனிக்கிழமை விடியும் முன்னே விழிப்பு வந்துவிட்டது. ஜெஞ்சாரோமில் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துக்குள் நான்கு மண்பாதைகள் சேர்கிற ஒரு சந்தி இருக்கிறது, அடுத்து அங்கே போகலாம் என்று பரமுதான் சொல்லியிருந்தான், போவதற்குள் போய்விட்டான். சரி, தனியாகவே போய் எடுத்து வருவோம் என்று கிளம்பினேன். வெளிச்சம் வந்ததும் டிரைபாடை நிறுத்தினேன். தரை பனியில் ஈரமாக இருந்தது, பாசார் பை நனையக்கூடாது என்று காய்ந்து விழுந்திருந்த ஒரு செம்பனை மட்டையை இழுத்து எனக்குப் பின்னால் போட்டு அதன் மேல் பையை வைத்தேன். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மட்டை, அதன் மேல் பை.

எடுக்க ஆரம்பித்தேன். உங்களிடம் மறைப்பானேன், கண் கலங்கித்தான் இருந்தது. திரையில் என்ன தெரிகிறது என்று பார்க்கவில்லை, கேமராவின் மட்டம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அழுத்தினேன், நகர்ந்தேன், அழுத்தினேன். பழக்க தோஷத்தில் ஒவ்வொரு தடவையும் ‘ம்’ என்று முணுமுணுத்தேன், நகரப்போகிறேன் என்று பரமுவுக்குச் சொல்கிற ‘ம்’ அது. பதிலுக்கு யாரும் ‘ம்’ சொல்லவில்லை. குளிர்ந்த காற்று அடிக்கவில்லை, நாய் ஊளையிடவில்லை, முதுகு சிலிர்க்கவில்லை. தோட்டத்துக்குள் எங்கேயோ ஒரு டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றி முடித்து, திரும்பி, மட்டையின் மேல் இருந்த பையை எடுத்துக்கொண்டு காருக்கு வந்தேன். நடந்தது இவ்வளவுதான்.

அன்று மத்தியானம் படத்தை ஒட்டிக் குழுவில் போட்டேன். நடுவில் செம்மண் உருண்டை, சுற்றி வரிசை வரிசையாகச் செம்பனை, சும்மா சொல்லக்கூடாது, நான் எடுத்ததிலேயே நல்ல படம். யாரோடு போனீர்கள் என்று லிங்கம் கேட்டார், தனியாகத்தான் என்றேன். அப்படியானால் பையைக் காரிலேயே விட்டுவிட்டீர்களா, பையை அழித்த தடம்கூடத் தெரியவில்லையே என்று கேட்டார். இல்லை, பின்னால் தரையில்தான் வைத்திருந்தேன் என்று எழுதினேன். எழுதி அனுப்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஒட்டுவதற்கு முன்னால் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அந்த இடம் ஒன்றுக்கு இரண்டு படத்தில் விழுந்திருந்தது. காய்ந்த மட்டை இருக்கிறது. நான் இழுத்துப் போட்ட அதே மட்டை, இழுத்த கோடு ஈர மண்ணில் தெரிகிறது. அதன் மேல் பை இல்லை. அந்த இடத்தில் நான் எதையும் அழிக்கவில்லை, அழிக்க வேண்டிய எதுவும் அங்கே இல்லை.

நீங்கள் கேட்கப்போவதை லிங்கமும் கேட்டார். காரில் வைத்ததை மறந்திருப்பீர்கள் என்றார். கார் அங்கிருந்து நல்ல தூரம், தோட்டப் பாதைக்கு வெளியே. மாற்று பேட்டரியைப் பையிலிருந்து எடுத்துப் போட்ட பிறகுதான் முதல் படத்தையே எடுத்தேன். உங்களை அறியாமல் நீங்களே தூக்கி நகர்த்தியிருப்பீர்கள் என்றார். ஒரு கை கேமராவில், ஒரு கை டிரைபாடில், அந்தப் பையை எதனால் தூக்கினேன், பல்லாலா? பல் மருத்துவரிடம் அப்படித்தான் கேட்டேன். அவர் சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டு, அதோடு விட்டுவிட்டார்.

எனக்குப் பயம் வரவில்லை. அதைச் சொன்னால்தான் என் மனைவியே நம்ப மாட்டேன் என்கிறாள். சந்தோஷமாக இருந்தது. பைத்தியக்காரன் மாதிரி அந்த மட்டையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். தன் வேலையைத் துளிக் குறையில்லாமல் செய்துவிட்டுப் போயிருக்கிறான் பயல், நிழல்கூட விழவில்லை. உடனே அந்தப் படத்தைத் தாளில் எடுத்துக்கொண்டு மறுநாள் சபை முடிந்ததும் நேராகக் கலா வீட்டுக்குப் போனேன். இத்தனை நாள் ஒன்றும் கொடுக்க முடியாமல் ஒளிந்தவன், இதையாவது கொடுக்கலாம் என்ற ஆசை.

கலா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டது. மட்டை இருக்கிற இடத்தைக் காட்டினேன், பார்த்தது. நான் எதிர்பார்த்தது கண்ணீர், வந்தது கோபம்.

“இத்தன மாசமா இந்த வீட்டுல லைட்டப் போட்டுட்டு உக்காந்திருக்கேன். ஒரு நாள் வரல. ஒரு சத்தம் இல்ல. உங்க பேக்கத் தூக்க ஜெஞ்சாரோம் வரைக்கும் போயிருக்காரா?”

கலா எழுந்து உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டியது, மைலோ கலக்கிக்கொண்டு வந்து டக்கென்று வைத்தது, எதிரே உட்கார்ந்து அந்தப் படத்தையே முறைத்துக்கொண்டிருந்தது. பாவி, என்று ஒரு தடவை சொன்னது. என்னையா அவனையா என்று நான் கேட்கவில்லை. நல்லது செய்கிறேன் என்று போய் ஆறின புண்ணைக் கீறிவிட்டோமே என்று மைலோவைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். கிளம்புகிற நேரத்தில்தான் அடுத்த சனிக்கிழமை நானும் வருகிறேன் என்று கலா சொன்னது. சொன்ன விதத்தில், புருஷனைக் கையோடு பிடித்து இழுத்து வரப் போகிற மாதிரி இருந்தது.

சனிக்கிழமை விடிகிற நேரத்துக்குக் கலா வாசலில் தயாராக நின்றது, வேலைக்குப் போகிற வெள்ளைக் காலணியோடு. பந்திங் சாலை முழுக்க நேராகப் பாதையையே பார்த்துக்கொண்டு வந்தது. சந்திக்குப் போய்ச் சேர்ந்ததும் சுற்றிச் சுற்றிப் பார்த்தது, காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. ஒன்றும் இல்லை. அங்கே எப்போதும் ஒன்றும் இருப்பதில்லை. நான் டிரைபாடை நிறுத்தியதும், பேக்கை நான் தூக்குகிறேன் என்றது. எனக்குக் கவலை. கலாவுக்கு வலது தோள் உறைந்துபோய் வருடக்கணக்கில் வைத்தியம் பார்க்கிறது, கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது. வேண்டாம்மா, கனம், கீழேயே இருக்கட்டும், பிறகு அழித்துக்கொள்ளலாம் என்றேன். கேட்கவில்லை. இடது கையால் பாசார் பையின் ஒரு பக்கத்துக் கைப்பிடியை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டது. அப்படித் தூக்கினால் பை வாய் பிளந்து ஒரு பக்கம் சரியும், லென்ஸ் கீழே விழும் என்று சொல்ல நினைத்தேன், கலாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

என் முதுகுக்குப் பின்னாலேயே இரும்மா, நான் ‘ம்’ என்றால் ஓரடி நகரு என்று மட்டும் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். நிழலைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். பரமுவுக்குச் சொல்ல வேண்டியிருந்ததே இல்லை, அதனால் அது சொல்ல வேண்டிய ஒன்று என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஒவ்வொரு ‘ம்’முக்கும் பின்னால் அந்தக் காலணி செம்மண்ணில் நகர்கிற சத்தம் கேட்டது. நடுவில் ஒரு தடவை கலா ஏதோ மெதுவாகச் சொன்னது, என்னிடம் இல்லை. அந்த நேரத்தில் திரும்பிப் பார்த்தால் கேமரா அசைந்து சுற்று கெட்டுவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் நான் திரும்பாமல் இருக்கவில்லை.

முடிந்ததும் கலாவுக்கு மூச்சு வாங்கவில்லை. தோளைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை.

“ரொம்ப கனம்னு சொன்னீங்க, ஒன்னுமே இல்லையேண்ணே” என்றது.

பையை வாங்கினேன். வாங்கியதும் அது என் தோளை எப்போதும் போல் கீழே இழுத்தது. இரண்டு லென்ஸ், பேட்டரிகள், பெரிய தண்ணீர் போத்தல், குடை, எல்லாம் உள்ளேயே இருந்தன. வழியில் ரொட்டி சானாய் சாப்பிட நிறுத்தினோம், கலா இரண்டு கேட்டுச் சாப்பிட்டது. கருமாதிக்குப் பிறகு அது ஒழுங்காகச் சாப்பிட்டு அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து படங்களைத் திறந்தேன். சூரியனுக்கு முதுகைக் காட்டி எடுத்த ஒரு படத்தில் நிழல்கள் தரையில் நீளமாக விழுந்திருந்தன. டிரைபாடின் நிழல், என் நிழல், பக்கத்தில் கொஞ்சம் விலகிக் கலாவின் நிழல். பையின் நிழலும் தெளிவாக விழுந்திருந்தது. ஒரு கைப்பிடி கலாவின் கைக்குப் போகிறது. மற்றக் கைப்பிடி தொங்கவில்லை. அதுவும் மேலே விறைப்பாக, வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கிறது, பாசாரிலிருந்து இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தால் எப்படி இருக்குமோ அப்படி. பை நேராக இருக்கிறது, துளிச் சரிவில்லை. அந்தக் கைப்பிடி முடிகிற இடத்தில் கை இல்லை, ஆள் இல்லை, வெறும் செம்மண்.

அந்தக் கைப்பிடி துணி. துவைத்துத் துவைத்து நைந்துபோன துணி. நானும் தரச் சோதனைக்காரன்தானே, அதே பையில் அதே சாமான்களை வைத்து, ஒரு கைப்பிடியை மட்டும் பிடித்து வீட்டு வாசலில் வெயிலில் எத்தனையோ தடவை தூக்கிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் மற்றக் கைப்பிடி துவண்டு விழுகிறது, பை வாய் பிளந்து சரிகிறது. காற்று தூக்கியிருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். அன்று படத்தில் ஓலை ஒன்றுகூட அசையவில்லை.

இந்தத் தடவை கலா வீட்டுக்குப் போய் ஒன்றும் விளக்காமல், படத்தை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். கலா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தது. நிழலுக்கு வந்ததும் அதன் விரல் நின்றது. காலியாக இருந்த அந்தப் பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவியது. எனக்குச் சொல்கிற மாதிரியும் இல்லாமல், சொல்லாத மாதிரியும் இல்லாமல் சொன்னது.

“மோட்டார் வரும்னு என்ன எப்பவும் உள்பக்கம் தள்ளிட்டு இவரு ரோட்டுப் பக்கம்தான் நடப்பாரு.”

கைப்பிடி விறைத்திருந்தது பாதைப் பக்கம். அதற்குப் பிறகுதான் கலா அழுதது, நானும் அழுதேன், வெட்கம் என்ன இதில். நிழலை அழிக்க வேண்டாம், அப்படியே வட்டமாக எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டது. பிரிக்பீல்ட்ஸில் கொடுத்துச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. ஐசி படத்தை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டது. வருகிறவர்கள் செம்பனைத் தோட்டப் படத்தை ஏன் மாட்டியிருக்கிறாய் என்று கேட்டால், நாங்க ரெண்டு பேரும் எடுத்துக்கிட்டது என்று சொல்கிறது. குழுவில் அந்தப் படத்தை நான் போடவில்லை. லிங்கம் பார்த்தால் நிழல் விழுந்திருக்கிறது என்பார், அதைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை.

இப்போது கலாவும் எங்கள் குழுவில் ஒரு ஆள். சனிக்கிழமைகளில் என்னோடு வருகிறது, பையை வேறு யாரையும் தொடவிடாது, இன்றைக்கும் ஒரு பக்கத்துக் கைப்பிடியை மட்டும்தான் பிடிக்கும். நிழலை மறைத்துக்கொள்ளப் பழகிவிட்டது, அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் எதுவும் விழுந்ததில்லை. இது போதும் என்று நானும் தேடுவதை விட்டுவிட்டேன். ஆனால் ஒன்று இருக்கிறது, அதை மட்டும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. சுற்று முடிந்ததும் கலா பையைச் சட்டென்று கீழே வைப்பதில்லை. லேசாகக் குனிந்து, பக்கத்தில் பார்த்து, ஒரு கணம் பொறுத்துத்தான் இறக்கும். ஒற்றைக் கைப்பிடியில் தூக்கிய பை ஒரு மூலை இடித்து, பிறகு சாய்ந்துதான் உட்கார வேண்டும். இது நான்கு மூலையும் ஒன்றாகத் தரையைத் தொட்டு, சத்தமில்லாமல் உட்காருகிறது. அந்த நேரம் வரும்போது நான் குனிந்து டிரைபாடின் காலை மடக்க ஆரம்பித்துவிடுவேன்.